மாரமரத்தடி அந்தோனியார்

காலையில் ரொனி எழும்பி முதலில் கேத்தலை அடுப்பில் வைப்பான். தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் பல் துலக்கி முகம் கழுவுவான். ஹோலில், நிலத்தில் விரித்த மெத்தையில் மகள் ஷெரீன் குறுக்கே படுத்திருப்பாள். அவளைத் தாண்டிப் போய் முன்கதவைத் திறப்பான். பால்மா கரைப்பான். பாணுக்கு மாஜரின் பூசுவான். பிறகு தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய், பின்னறையின் தகரக் கூரைக்கும் மாரமரத்தின் அடிக்கும் நடுவே அதன் பிடியை நுழைத்துப் பார்ப்பான். பிடி நுழைந்து மறுபக்கம் வந்தால், அதே தும்புத்தடியால் முற்றத்தைக் கூட்டிவிட்டு வேலைக்கு வெளிக்கிடுவான்.

அந்த வெள்ளிக்கிழமை பிடி நுழையவில்லை.

ரொனி தும்புத்தடியைத் திருப்பிப் பார்த்தான். பிடி வீங்கியிருக்கவில்லை. முற்றத்தைக் கூட்டினான். ஷெரீனை மொன்டிசூரியில் விட்டான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தான் வேலை செய்யும் கிளியரிங் கம்பனிக்கு, வரச் சுணங்கும் என்று மெசேஜ் அனுப்பினான். கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறிப் புதுக்கடையில் இறங்கினான்.

மரம் அவனுடையதல்ல. வீட்டின் பின்னறைச் சுவரை உரசிக்கொண்டு ஒழுங்கை வளைகிற இடத்தில் நிற்பதால் அது நகரத்தின் மரம். வீடு மட்டும்தான் அவனுடையது. மரம் விழுந்தால் பின்னறை போகும். நன்றாக விழுந்தால் ஹோலும் போகும். வீட்டில் இருந்தது அந்த இரண்டும் ஒரு குசினியும்தான்.

மரத்தடியில், ஒழுங்கையைப் பார்த்தபடி, கண்ணாடிப் பெட்டிக்குள் புனித அந்தோனியார் நின்றார். அவரை அங்கே வைத்தது ரொனியின் மனைவி டில்ஷானி. பக்தியால் அல்ல, குப்பையால். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் மீன் வெட்டினாலும் தலையும் குடலும் அந்த வளைவுக்குத்தான் வந்துகொண்டிருந்தன. இங்கே குப்பை போட வேண்டாம் என்று நகரம் மும்மொழியில் ஒரு பலகை அடித்தது. பலகையின் ஆணி குப்பைப் பையைக் கொழுவ வசதியாக இருந்தது. கொழும்பில் இதற்கு ஒரு வைத்தியம்தான் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். டில்ஷானி கொச்சிக்கடைக்குப் போய், கையில் ஏந்தியிருந்த குழந்தை இயேசுவின் மூக்கு உடைந்திருந்ததால் விலை குறைந்திருந்த ஒரு அந்தோனியாரை வாங்கிவந்து, பழைய பலகாரக் கடைக் கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் நிறுத்தி, மரத்தடியில் சீமெந்து பூசி வைத்தாள். மறுநாளிலிருந்து அங்கே ஒரு வாழைப்பழத் தோல்கூட விழவில்லை.

அதற்குப் பிறகுதான் மரம் சாயத் தொடங்கியது. அதையும் டில்ஷானிதான் முறைப்பாடு செய்தாள். ஒருவர் வந்து மரத்தைப் பார்த்துவிட்டு, “ஆபத்து. இம்மரத்தின் கீழ் நிற்க வேண்டாம்” என்று ஒரு பலகை அடித்துவிட்டுப் போனார். நாங்கள் இதன் கீழ் குடியிருக்கிறோமே என்று அவள் கேட்டாள். நிற்பதைப் பற்றித்தான் பலகையில் இருக்கிறது என்று அவர் சொன்னார். மறுபடி போய்க் கேட்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த மழைக்காலத்தில் டெங்கு வந்தது. கிழமை முடியுமுன் இறந்துபோனாள்.

புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பின்னால் உள்ள ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் ‘ஆபத்தான மரங்களைப் பாதுகாப்பாக அகற்றும் பிரிவு’ இருந்தது. அதன் வாசலில் ஒரு அசோக மரம் கதவை முழுதாகத் திறக்க விடாமல் தொட்டியில் வளர்ந்திருந்தது. எல்லோரும் பக்கவாட்டில் நுழைந்தார்கள். உள்ளே முத்துலிங்கம் என்ற உத்தியோகத்தர் தமிழ் பேசுபவர்களுக்காக இருந்தார்.

“மரம் சாயுது,” என்றான் ரொனி.

“எவ்வளவு காலமா?”

“ஒரு வருஷத்துக்கு மேல.”

“ஒரு வருஷமா விழேல்லத்தானே. அப்ப நல்ல உறுதியான மரம்.”

“இண்டைக்குக் காலையில கூரையில முட்டிட்டுது.”

முத்துலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுவும் ஒரு வகையில நல்லதுதான், மிஸ்டர் ரொனி. இப்ப அதுக்கு ஒரு பிடிமானம் இருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நான் பகிடிக்குச் சொல்லேல்ல. இங்க இப்பிடித்தான் எழுதுவினம். செவ்வாய்க்கிழமை டிரெக்டர் மேடத்தையே கூட்டிக்கொண்டு வாறன்.”

செவ்வாய்க்கிழமை ஜீப் வந்தது. பணிப்பாளர் திருமதி வீரக்கொடி இறங்கினார். அவருக்குப் பின்னால் முத்துலிங்கமும், தலைக்கவசம், இடுப்புக் கயிறு, முழங்கால் வரை சப்பாத்து எல்லாம் போட்ட மரம் ஏறுபவர் ஒருவரும் இறங்கினார்கள். திருமதி வீரக்கொடி மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். அந்தோனியாரைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். முத்துலிங்கமும் கழற்றினார். மரம் ஏறுபவர் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.

“நீங்கள் கழற்றக் கூடாது,” என்றார் திருமதி வீரக்கொடி. அவர் சிங்களத்தில் சொல்ல, முத்துலிங்கம் ரொனிக்காகத் தமிழில் சொன்னார். “பாதுகாப்புச் சப்பாத்து இல்லாமல் எங்கள் பிரிவில் எவரும் மரத்தில் ஏற முடியாது. அது விதி.”

மரம் ஏறுபவர் நாடாவைக் கட்டிக்கொண்டு மரத்தை நோக்கி நடந்தார்.

“நில்லுங்கள். வணக்கத்துக்குரிய இடத்தில் சப்பாத்துடன் ஏற முடியாது. அதுவும் விதி.”

அவர் நின்றார். எதிர்ப்பக்கம் ஓட்டோவை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நுஸ்கி, ரொனியின் பக்கத்து வீட்டுக்காரன், வந்து ரொனியின் காதில் சொன்னான்: “மச்சான், நீயும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள போய் நில்லு. அதுக்குப் பிறகு உன்னையும் ஒருத்தனும் அசைக்க மாட்டான்.”

திருமதி வீரக்கொடி ரொனியிடம் வந்தார். கண்ணியமான பெண். கண்ணைப் பார்த்துப் பேசினார். “எங்கள் பிரிவின் முதல் கடமை பாதுகாப்பு. யாருடைய பாதுகாப்பு என்பதைச் சூழ்நிலைதான் தீர்மானிக்கும். இந்த மரத்தை ஆபத்தான மரம் என்ற வகையில் வைத்திருப்பதே தவறு. இது வணக்கத்துக்குரிய மரம்.”

“மரத்தைக் கும்பிட இல்ல மேடம். சிலை மட்டும்தான். அதை நான் வீட்டுக்குள்ள எடுத்து வைக்கிறன்.”

“அதை வைத்தது நீங்களா?”

“என்ர வைஃப்.”

“நிறுவியவர்தான் அகற்ற வேண்டும். அவரைக் கூப்பிடுங்கள்.”

முத்துலிங்கம் இதை மொழிபெயர்க்காமல் நின்றார். ரொனிக்குச் சிங்களம் விளங்கும்.

“அவ இறந்திட்டா.”

திருமதி வீரக்கொடி தலை குனிந்தார். உண்மையாகவே வருந்தினார். “மிகவும் கவலையாக இருக்கிறது,” என்றார். “அப்படியென்றால் கொஞ்சம் தாமதமாகும்.”

ரொனி ஒரு நாள் பொறுத்தான். புதன் பின்னேரம் வேலையால் வந்து, சுத்தியலும் உளியும் எடுத்து, பெட்டியின் அடிச் சீமெந்தைத் தட்டினான். நுஸ்கி ஒரு பக்கம் பிடித்தான். இருவருமாகத் தூக்கிக்கொண்டு வந்து ஹோலில், டீவிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஷெரீன் வந்து பார்த்தாள். அந்தோனியார் எங்களோடு சாப்பிடுவாரா என்று கேட்டாள். தெரியாது என்றான் ரொனி.

வியாழன் விடிந்தபோது மரத்தடியில் ஆறேழு குப்பைப் பைகள் கிடந்தன. ஒரு பூனை இறால் கோதுகளை ஒழுங்கை முழுவதும் இழுத்திருந்தது. எதிர்வீட்டுப் புளோறன்ஸ் அன்ரி குப்பையையும் வெறும் சீமெந்தையும் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்தார். அவர்தான் அந்த ஒழுங்கையின் செவ்வாய்க்கிழமைச் செபக் குழுவை நடத்துபவர். ரொனியின் கதவு திறந்திருந்ததால், டீவிக்குப் பக்கத்தில் அந்தோனியார் நிற்பதை அவரால் வீதியிலிருந்தே பார்க்க முடிந்தது.

“ரொனி மகன், இவர் எப்ப உள்ள வந்தவர்?”

“நேத்துப் பின்னேரம் அன்ரி.”

“பாத்தியா. தனிய இருக்கிறாய் எண்டு வந்திருக்கிறார்.”

“நான்தான் தூக்கிக்கொண்டு வந்தனான்.”

“ஓம். உன்னைத் தூக்க வைச்சதே அவர்தானே.”

“நுஸ்கியும் பிடிச்சவன் அன்ரி.”

புளோறன்ஸ் அன்ரியின் கண்கள் விரிந்தன. “நுஸ்கியையும் பிடிக்க வைச்சிருக்கிறார்.”

மத்தியானத்துக்குள் கதை மட்டக்குளி வரை போய்விட்டது. அந்தோனியார் இளம் மனைவியை இழந்த ஒருவனின் வீட்டுக்குத் தானாகவே நடந்து போனார். கதவைத் தட்டினார். முஸ்லிம் பொடியன் ஒருவன் கதவைத் திறந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் மெழுகுதிரிகளோடு வந்து, அவரைப் பாட்டுப் பாடி மறுபடி மரத்தடிக்குக் கொண்டுபோனது. ரொனி வீட்டிலிருந்து அவரைத் தூக்கிக் கொடுத்தான். அவர்கள் அவனுக்கு நன்றி சொன்னார்கள். சிலர் அவனுடைய சட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அங்கே குப்பை விழவில்லை. ஆட்கள் வந்தார்கள். நேர்த்திக்குக் கட்டிய தவிட்டு நிறக் கயிறுகளும் சின்னத் தொட்டில்களும் கிளைகளில் தொங்கின. மரத்தின் பாரம் கூடியது.

மக்கள் கூடுகிற இடமென்றால் அங்கே பாதுகாப்பு வேண்டும். இதைப் பிரிவு உணர்ந்துகொண்டது. பக்தர்களின் பாதுகாப்புக்காக மரத்தைச் சுற்றி ஒரு சீமெந்து மேடையும் இரும்புக் கம்பி வேலியும் கட்ட ஆட்கள் வந்தார்கள். அத்திவாரம் வெட்டும்போது ஒழுங்கைப் பக்க வேர்கள் குறுக்கிட்டன. ஆளின் தொடை மொத்தத்தில் வேர்கள். கோடாலியால் வெட்டி ஓரமாக அடுக்கினார்கள்.

ரொனி முத்துலிங்கத்துக்கு ஃபோன் எடுத்தான். “வேரை வெட்டுறாங்கள். மரம் என்ர வீட்டுப் பக்கம் வராதா?”

“மிஸ்டர் ரொனி, மரம் வெட்டத்தான் அனுமதி வேணும். வேர் வெட்டுறது கட்டட வேலையில வரும். அது எங்கட பிரிவு இல்ல.”

“மேடையைக் கட்டுறது உங்கட பிரிவுதானே.”

“மேடை எங்கட. குழி அவையின்ர.”

மேடைத் திறப்பு விழாவில் திருமதி வீரக்கொடி பேசினார். வெள்ளைச் சேலை உடுத்திருந்தார். மைக் நல்ல மைக்.

“எங்கள் பிரிவு ஆரம்பித்த நாளிலிருந்து நாங்கள் அகற்றிய எந்த மரமும் எவர் மேலும் விழுந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். விழுந்த மரங்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. விழுந்த மரம் ஆபத்தான மரம் அல்ல. அதன் ஆபத்து முடிந்துவிட்டது. அது அனர்த்தப் பிரிவுக்குரியது. ஒரு மரத்தை அகற்றுவது இலகு. ஒரு கோடாலி இருந்தால் எவரும் அகற்றலாம். அகற்றாமல் இருப்பதற்குத்தான் ஒரு பிரிவு தேவை. அதற்குப் பயிற்சி பெற்ற ஆளணி தேவை. ஜீப் தேவை. இந்த மேடையைப் பாருங்கள். இனி இந்த மரம் எந்தப் பக்கம் போனாலும் பக்தர்கள் பக்கம் போகாது என்று பொறியியலாளர் எனக்கு எழுத்தில் தந்திருக்கிறார்.”

எல்லோரும் கை தட்டினார்கள். பக்தர்கள் இல்லாத பக்கம் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பக்கத்தில் ரொனி தன் வீட்டு வாசலில் நின்றான். அவனும் கை தட்டினான். எல்லோரும் தட்டும்போது கை தானாகத் தட்டியது.

அன்று பின்னேரம் மழை வந்தது. மரம் கூரையில் முட்டுவதை விட்டுவிட்டு அதில் சாய்ந்துகொண்டது. தகரம் முனகியது. பின்னறைச் சுவரில் கூரையிலிருந்து யன்னல் வரை ஒரு வெடிப்பு ஓடியது. ரொனி ஷெரீனின் மெத்தையைச் சுருட்டி, புளோறன்ஸ் அன்ரி வீட்டுக்குக் கொண்டுபோனான்.

“கொஞ்ச நாளைக்கு இவ இங்க படுக்கட்டும் அன்ரி.”

“என்ன கேள்வி மகன். பிள்ளை இருந்தாப் பரவாயில்லை. நீயும் வாவன்.”

“வீட்டில ஆள் இருக்க வேணும்.”

ஏன் இருக்க வேண்டும் என்று அவனுக்கே விளங்கவில்லை. ஒரு வருடத்துக்கு முன் அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். பிறகு இரண்டு பேர். இப்போது அவன் ஹோலில் படுத்து, தகரம் முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். காலையில் கேத்தலில் பாதித் தண்ணீர் போதுமாக இருந்தது. எதிர்வீட்டில் ஷெரீன் யாருடைய கையாலோ பால் குடித்துவிட்டு வந்தாள். ஒரு நாள் அவள் “எங்கட வீடு எப்ப செத்தது?” என்று கேட்டாள். அவன் அவளுடைய சப்பாத்து வாரைக் கட்டினான்.

அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு நாளும் வேலையால் நேரத்தோடு வெளிக்கிட்டுப் புதுக்கடைக்குப் போனான். கத்தவில்லை. அசோக மரத்தைப் பக்கவாட்டில் கடந்து, கதிரையில் உட்கார்ந்து, மூடும்போது எழும்பி வந்தான். கத்துகிறவர்களைச் சமாளிக்கப் பிரிவுக்குத் தெரியும். பேசாமல் இருப்பவனைப் பார்க்கப் பார்க்க அங்கே வேலை ஓடவில்லை. கடைசியில் முத்துலிங்கம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒரு வழி இருக்கு. நிறுவியவர் உயிரோட இல்லாட்டி, அவர் கடைசியாச் சொன்ன விருப்பத்தை விசாரிச்சு அதன்படி செய்யலாம் எண்டு கைநூலில இருக்கு. ஆனா ஒரு பிரச்சினை. உங்கட புளோறன்ஸ் அன்ரி ஏற்கெனவே மேடத்துக்குச் சொல்லிட்டா.”

“என்ன சொன்னவ?”

“அந்தோனியாரை அங்கேயே வைச்சிருங்கோ, மரத்தில கை வைக்காதேங்கோ எண்டு உங்கட மிஸிஸ் ஆஸ்பத்திரியில வைச்சுச் சொன்னவவாம்.”

புளோறன்ஸ் அன்ரி பொய் சொல்பவரல்ல. ஒரு கதையைப் பல முறை சொன்னால் தானும் அதற்குள் போய் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான்.

விசாரணை திருமதி வீரக்கொடியின் அறையில் நடந்தது. புளோறன்ஸ் அன்ரி நல்ல உடுப்பில் வந்திருந்தார். ஷெரீனைக் கூட்டிவந்து வெளியே டைப்பிஸ்ட் பெண்ணோடு விட்டிருந்தார். முத்துலிங்கம் எழுத உட்கார்ந்தார்.

“சத்தியம் செய்ய வேண்டும்,” என்றார் திருமதி வீரக்கொடி. அலுமாரியைத் திறந்து தேடினார்கள். பிரிவின் பைபிளை வேறொரு பிரிவு இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘ஆபத்தான மரங்களைப் பாதுகாப்பாக அகற்றுவதற்கான வழிகாட்டிக் கைநூல்’ மேசையில் வைக்கப்பட்டது. புளோறன்ஸ் அன்ரி அதற்குச் சிலுவை போட்டுவிட்டுக் கையை வைத்தார்.

“அவ என்ர கையைப் பிடிச்சவ. அன்ரி, அந்தோனியாரைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டவ. அங்கேயே இருக்கட்டும் எண்டவ.”

“எத்தனை மணிக்கு?”

“பகல் விசிட்டிங் நேரம் மேடம்.”

திருமதி வீரக்கொடி ரொனியைப் பார்த்தார். “நீங்கள்?”

“பின்னேரம். கடைசி வரை நிண்டனான்.”

“அப்படியானால் பின்னேரம் சொன்னதுதான் கடைசிக் கூற்று. அதுவே செல்லும். சொல்லுங்கள், அவர் கடைசியாக என்ன சொன்னார்?”

ரொனி கைநூலின் மேல் கையை வைத்தான். மினுமினுப்பான அட்டை. இந்தக் கேள்வி அவனுக்குப் புதிதல்ல. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து அவளுடைய மச்சாள்மார் கேட்டார்கள். பாதர் கேட்டார். கம்பனியில் சீட்டுக்குச் சீட்டு கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் சொன்னான். அவள் சொன்னது அவனிடம் இருந்தது. வேறெங்கேயும் இருக்கவில்லை. அதை இங்கே சொன்னால் முத்துலிங்கம் எழுதுவார், ஒரு இலக்கம் போடுவார், பிரதி எடுப்பார்கள், கதவைத் திறக்க விடாத அந்த மரத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ ஒரு இறாக்கைத் தட்டில் அது கிடக்கும். தவிரவும் அதில் மரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ மிஸ்டர் ரொனி,” என்றார் முத்துலிங்கம், பேனையைப் பார்த்தபடி. “மரத்தைப் பத்தி ஏதும் சொன்னாவா?”

வெளியே ஷெரீன் டைப்ரைட்டரின் மணியை அடித்துச் சிரிப்பது கேட்டது.

“மரத்தை வெட்டச் சொன்னா,” என்றான் ரொனி.

“எந்த மரத்தை?”

“இந்த மரத்தை.”

“பாதுகாப்பாகவா?”

“ஓம்.”

திருமதி வீரக்கொடி முன்னால் சாய்ந்தார். “எவர் மூலமாக என்று ஏதாவது குறிப்பிட்டாரா?”

ரொனி தன் கைக்குக் கீழே அட்டையில் அச்சிட்டிருந்த பிரிவின் பெயரைப் பார்த்து வாசித்தான். “ஆபத்தான மரங்களைப் பாதுகாப்பாக அகற்றும் பிரிவு மூலமாக எண்டு சொன்னா.”

திருமதி வீரக்கொடி கைக்குட்டையை எடுத்தார். “அந்த நேரத்திலும் எங்களை நினைத்திருக்கிறார்,” என்றார். “பதினொரு வருடச் சேவையில் எங்களை இப்படி முழுப் பெயரில் யாரும் சொன்னதில்லை.”

புளோறன்ஸ் அன்ரியும் அழுதார். எழும்பி வந்து ரொனியின் தோளைத் தட்டினார். “சரி மகன். பகல் ஒண்டு சொல்லிப்போட்டுப் பின்னேரம் மனசு மாறியிருப்பா. கடைசி நேரத்தில அப்பிடித்தான்.” கொஞ்சம் யோசித்தார். “நான் வெளிக்கிடேக்கையே அவவின்ர முகத்தில ஒரு மாற்றம் தெரிஞ்சது.”

மரம் அடுத்த கிழமை வெட்டப்பட்டது. சுபநேரம் பார்த்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். சப்பாத்துப் பிரச்சினைக்குத் திருமதி வீரக்கொடியே முடிவு கண்டிருந்தார்: மரம் ஏறுபவர்கள் பாதுகாப்புச் சப்பாத்துப் போட்டு, அதற்கு மேல் வெள்ளைக் காலுறை போட்டிருந்தார்கள். பிரிவின் பக்கமிருந்து பார்த்தால் சப்பாத்து இருந்தது. அந்தோனியார் பக்கமிருந்து பார்த்தால் இல்லை. அவர்கள் தலையிலிருந்து கயிறு கட்டி, கிளை கிளையாக, தொட்டில் தொட்டிலாக இறக்கினார்கள். ஒரு தகரமும் நெளியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. அடிமரம் உள்ளே கோதாக இருந்தது. ஒரு ஆள் நின்றபடி உள்ளே போகலாம். திருமதி வீரக்கொடி அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு மைக்கை வாங்கினார்.

“பாருங்கள், உரிய நேரத்தில் அகற்றியிருக்கிறோம்,” என்றார். “உரிய நேரம் வரும் வரை காத்திருந்ததால்தான் இது சாத்தியமானது.”

அடிக்கட்டையின் மேலேயே ஒரு பலகை போட்டு அந்தோனியாரை வைத்தார்கள். கட்டையைத் தோண்டி எடுப்பது இன்னொரு பிரிவின் வேலை. அந்தப் பிரிவு இனி அதில் கை வைக்காது.

ரொனி மெத்தையைத் திரும்பக் கொண்டுவந்தான். ஷெரீன் பின்னறைக்குப் போய் யன்னலைப் பார்த்தாள். வெளிச்சம் அவளுடைய கண்ணைக் கூசச் செய்தது. அன்று அங்கேயே தூங்கினாள்.

ஒரு மாதத்தில் பிரிவு ஒரு பலகையைக் கொண்டுவந்து கம்பி வேலியில் பூட்டியது. அதற்காக டில்ஷானியின் படம் கேட்டிருந்தார்கள். ரொனியிடம் இருந்ததெல்லாம் இருவரும் சேர்ந்து எடுத்த படங்கள். ஒன்றை வெட்டினார்கள். ஓரத்தில் அவனுடைய தோள் தெரிந்தது. படத்துக்குக் கீழே மூன்று மொழிகளில் எழுதியிருந்தது: “ஆபத்தான மரங்களை உரிய பிரிவினூடாக மட்டுமே பாதுகாப்பாக அகற்றுங்கள். – அமரர் டில்ஷானியின் இறுதி வார்த்தைகள்.”

ஆட்கள் நின்று வாசித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்கள்.

நுஸ்கியும் ஒரு நாள் ஓட்டோவை நிறுத்தி நிதானமாக வாசித்தான். ரொனி பின்சீட்டில் இருந்தான்.

“மச்சான், டில்ஷானி இப்பிடியா கதைக்கிறவ?”

“இல்ல.”

“பின்ன என்ன சொன்னவ?”

“ஸ்டார்ட் பண்ணுடா. சுணங்குது.”

நுஸ்கி ஸ்டார்ட் பண்ணினான்.

டில்ஷானியின் கடைசி நாள் பின்னேரம் வார்டில் ஒரே ஒரு காற்றாடிதான் ஓடியது. பார்வையாளர்களைப் போகச் சொல்லித் தாதி இரண்டு முறை சொல்லிவிட்டாள். ரொனி கட்டிலின் கால்மாட்டில் நின்றான். இளநீர் வேண்டுமா, போர்வை வேண்டுமா, டொக்டரைக் கூப்பிடவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தான். டில்ஷானி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

“காத்தை மறைச்சுக்கொண்டு நிக்கிறீங்க,” என்றாள். “கொஞ்சம் அங்கால தள்ளுங்கோ.”